ஆறடி கடல் தொட்டியில் எந்தக் கிளாத்திகளைச் சேர்த்து விடலாம்?

களியக்காவிளை_அலை:

எல்லோருக்கும் வணக்கம். வீடு களியக்காவிளையில், கேரள எல்லை செக்போஸ்ட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கடல் தொட்டி ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குக்கு 680 லிட்டர், பாறையும் மணலும் போக 550 லிட்டர் தண்ணீர் நிற்கும், கீழே சம்ப், அதாவது தண்ணீர் வடிகட்டும் தொட்டி, தனியாக இருக்கிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட்டை 20-க்கு மேல் போக விடுவதில்லை. உள்ளே இப்போது இரண்டு நீமோ, பாசி தின்கிற ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு கன்விக்ட் டாங், இரண்டு க்ளீனர் இறால், சங்குக்குள் வாழும் முனிவன் நண்டு பத்து. பவளம் எதுவும் வைக்கவில்லை, வைக்கிற எண்ணமும் இல்லை.

ரொம்ப நாளாக எனக்கு ட்ரிக்கர் மீன் மேல் ஆசை, நம் ஊரில் கிளாத்தி என்போமே, அதுதான். போன ஞாயிறு திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் மூன்றைப் பார்த்தேன். நாலு அங்குலத்தில் ஒரு க்ளவுன் ட்ரிக்கர், அதைவிடச் சின்னதாக ஒரு நைஜர், அப்புறம் ஒரு பிக்காசோ. மூன்றும் ஒரே குடும்பம்தான், குஞ்சிலேயே சேர்த்து விட்டால் பழகிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். மகளுக்கு அந்த க்ளவுன் ட்ரிக்கரின் வெள்ளைப் புள்ளிகள் மனதில் ஒட்டிக்கொண்டன, தினமும் கேட்கிறாள். இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். குளச்சலில் என் மாமா இருக்கிறார், துறைமுகத்தில் கிளாத்தி கூடை கூடையாக வருகிறது, உயிரோடு ஒன்று எடுத்துத் தருகிறேன், எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறாய் என்கிறார். கடையில் நைஜர் என்று விற்பதும் அந்தக் கறுப்புக் கிளாத்தியும் ஒன்றா? ஒன்று என்றால் கொண்டுவந்து விடலாமா? அடுத்தது, ட்ரிக்கருக்குப் பொந்து வேண்டும் என்கிறார்களே, அதற்காக இன்னும் கொஞ்சம் பாறை தேவைப்படும். உயிருள்ள பவளப்பாறை தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?


குளச்சல்_கடல்மகன்:

தம்பி, பாறையில் இருந்து தொடங்குகிறேன். வாங்கவே வாங்காதீர்கள். கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்புதான். எடுத்தாலும், விற்றாலும், வைத்திருந்தாலும் வழக்கு வரும். பொந்துக்கு செராமிக் பாறை போதும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் நாலு அங்குல பிவிசி குழாயை வெட்டிப் பாறைக்குப் பின்னால் சொருகி விடுங்கள், மீன் ஒரு குறையும் சொல்லாது.

மாமா சொல்வது பாதி சரி. எங்கள் ஊரில் கூடையில் வரும் கறுப்புக் கிளாத்தியும் கடையில் கண்ணாடிக்குள் நிற்கும் நைஜரும் ஒரே இனம், ஓடோனஸ் நைஜர். தோலை உரித்துக் குழம்பு வைக்கிறோம், மிச்சம் மீன்தூள் கம்பெனிக்குப் போகிறது. கரைக்கு வந்தபின் கறுத்துப் போன மீனாகத்தான் தெரியும், தண்ணீருக்குள் அதன் நீலத்தையும் ஊதாவையும் பார்த்தவர்களுக்கு அது வேறு மீன். ஆனால் படகில் வருவது தொட்டிக்கு ஆகாது. ஆழத்தில் இருந்து வேகமாகத் தூக்கும்போது உள்ளே காற்றுப்பை வீங்கிவிடும், மடிவலையில் மற்ற மீன்களோடு நசுங்கித் தோல் உரிந்திருக்கும், தூண்டிலில் வந்திருந்தால் வாய் கிழிந்திருக்கும். துடித்துக்கொண்டிருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுபோனால் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும், நான் சின்ன வயதில் வாளியோடு ஓடி ஓடி இதைத்தான் பார்த்தேன். போதாததற்கு வருவதெல்லாம் பெரிய மீன். அது உங்கள் தொட்டியில் பழகாது. கடையில் இருக்கும் அந்த மூன்று அங்குலக் குஞ்சு நல்ல தேர்வு.

இனி முக்கியமான விஷயம். ஒரே குடும்பம் என்பதால் ஒத்துப்போகும் என்று சொல்வதை நம்பாதீர்கள். இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய நாற்பது இனம் உண்டு, ஒன்றுக்கொன்று குணத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: மீனின் வாயைப் பாருங்கள். நைஜருக்குக் கீழ்த்தாடை முன்னால் தள்ளி, வாய் மேல் பார்த்து இருக்கும். அது நீரோட்டத்தில் மிதந்து வரும் சின்னச் சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்கிற மீன். கடலில் கூட்டமாகப் பாரின், அதாவது கடலடிப் பாறையின், மேல் எழும்பி நிற்கும், பயந்தால் எல்லாம் ஒன்றாகப் பொந்துக்குள் பாய்ந்து வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ப்ளூ த்ரோட் என்று விற்கிறார்களே, க்ஸாந்திக்திஸ் வகை, அதற்கும் இதே மாதிரி மேல் பார்த்த வாய். அப்படி இரை தேடுகிற மீனுக்கு அடுத்த மீன் தின்கிற இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை, அதனால் சண்டை குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.

க்ளவுன் ட்ரிக்கருக்கும், ஆரஞ்சுக் கோடு போட்ட அண்டுலேட்டட் ட்ரிக்கருக்கும், டைட்டன் ட்ரிக்கருக்கும் வாய் வேறு மாதிரி. நேராக முன்னால் பார்க்கும், தாடை கனமாக இருக்கும், பல் உளி போல இருக்கும். நண்டு, சிப்பி, கடல்முள்ளி எல்லாம் உடைத்துத் தின்பதற்கான வாய் அது. இவை பாரில் ஒரு இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு காவல் காக்கும். டைட்டன் முட்டையிட்டிருக்கும்போது முங்குபவர்களையே துரத்திக் கடிக்கும், கூட்டுக்கு நேர்மேலே நீந்திக் கடந்தாலும் விடாது. க்ளவுன் கடலில் ஒன்றரை அடிக்கு மேல் வளரும். இப்போது நாலு அங்குலத்தில் சாதுவாக நிற்கிறது என்பதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

என் யோசனை: நைஜர் ஒன்று, ப்ளூ த்ரோட் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி, அவ்வளவுதான். ஆணுக்குத் தொண்டையில் நீலத் திட்டும் துடுப்பு ஓரத்தில் மஞ்சளும் இருக்கும், பெண்ணுக்கு இருக்காது, பார்த்தாலே தெரியும். விலை கூடத்தான். கிடைக்கும்வரை காத்திருங்கள்.


நாகர்கோவில்_டீச்சர்:

குளச்சல் அண்ணாச்சி சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. க்ளவுன் ட்ரிக்கர் பற்றி மட்டும் நான் கூடச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அதை வளர்த்தவள்.

மூன்று அங்குலத்தில் வாங்கினேன். கையில் இருந்து இறால் வாங்கித் தின்னும், நான் பள்ளி விட்டு வந்தால் கண்ணாடிக்கு அருகில் ஓடி வரும், அறையில் நான் நடக்கும் பக்கமெல்லாம் கண்ணை உருட்டிப் பார்க்கும். அதோடு ஒரு டாங், ஒரு பட்டாம்பூச்சி மீன், இரண்டு சின்ன டாம்சல் மீன் இருந்தன. இரண்டு வருடத்துக்கும் மேல் ஒரு சண்டை இல்லை. நானும் மற்றவர்களிடம், எல்லோரும் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் பட்டாம்பூச்சி மீனின் வால் இல்லை. அன்று மாலைக்குள் மீனே இல்லை. அந்த வாரம் டாம்சல் இரண்டும் போயின. டாங்கைத் தனியாக எடுத்துக் காப்பாற்றினேன், ஆனால் அதன் கண் ஒன்று போய்விட்டது. சாப்பாடு குறைந்ததா என்றால் இல்லை, தண்ணீரிலும் ஒரு கோளாறும் இல்லை. மீன் வளர்ந்து, முழுத் தொட்டியும் தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டது, வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் அது தனியாகவே இருந்தது. நான் அதை நேசித்தேன், இன்றும் அதன் மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த டாங்கை நினைத்தால் இப்போதும் மனது கேட்பதில்லை. தம்பி, உங்கள் மகளுக்கு க்ளவுன்தான் வேண்டும் என்றால் தொட்டி முழுவதையும் அதற்கே கொடுங்கள், அப்போது அது ராஜா மாதிரி இருக்கும். நீமோவோடு, ஃபாக்ஸ்ஃபேஸோடு சேர்த்து விடாதீர்கள். தினமும் தன் கையால் சாப்பாடு கொடுத்த மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைக் குழந்தை பார்க்க வேண்டாம்.


பாறசாலை_உப்புநீர்:

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை. பிக்காசோ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். அதன் வாயும் முன்னால் பார்க்கும் வாய்தான், மணலில் தண்ணீரை ஊதி உள்ளே ஒளிந்திருக்கும் புழுவையும் நண்டையும் வெளியே எடுக்கும். ஆனால் க்ளவுனோடு அதை ஒரே வரிசையில் வைக்க முடியாது. ஐந்து வருடமாக ஒரு பிக்காசோ வைத்திருக்கிறேன், கூட ஒரு பெரிய டாங்கும் ஸ்னோஃப்ளேக் ஈல் என்கிற ஒரு விலாங்கும் உண்டு. கடைசியாகத்தான் விட்டேன், மற்ற மீன்கள் எல்லாம் அதைவிடப் பெரிதாக இருந்தன, அதனால் அடங்கி இருக்கிறது. புதிதாக எதைப் போட்டாலும் துரத்தும் என்பதும் உண்மை, அதனால் அதன்பின் நான் எதையும் போடவில்லை. நைஜரையும் பிக்காசோவையும் ஆறடியில் சேர்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் யாரும் தண்ணீர் பற்றிப் பேசவில்லை. ட்ரிக்கர் நிறையத் தின்னும், நிறையக் கழிவு போடும். இப்போது 20 நைட்ரேட் என்றால் மூன்று ட்ரிக்கர் வந்தபின் அதே பராமரிப்பில் அது நிற்காது. வாரம் பத்து சதவீதம் மாற்றுகிறவர் என்றால் பதினைந்து, இருபது என்று கூட்ட வேண்டி வரும். கடல்தண்ணீர் எடுத்து வந்து மாற்றுகிறீர்களா, உப்பு கலக்கிறீர்களா? எடுத்து வருகிறவர் என்றால் தேங்காப்பட்டணத்தில் எடுக்காதீர்கள், குழித்துறை ஆறு அங்கேதான் கடலில் விழுகிறது. நம் பக்கம் மழையும் இரண்டு பருவம், ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அந்த மாதங்களில் கரைத்தண்ணீர் கலங்கி உப்பு இறங்கிப் போயிருக்கும். எப்போது எடுத்தாலும் அடர்த்தி அளந்து 1.023-ல் இருந்து 1.025-க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

சூடும் முக்கியம். மார்ச், ஏப்ரலில் பம்ப் சூடும் சேர்ந்து தொட்டி 31 டிகிரிக்குப் போய்விடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், பெரிய மீனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். ஃபேன் வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள், நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஓரிரு டிகிரிக்கு மேல் இறங்காது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வைத்து 26-ல் நிறுத்துங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரியில் ஒரு ஏர் பம்பாவது வேண்டும்.


நாகர்கோவில்_டீச்சர்:

பாறசாலை அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் அவர் வீட்டில் கூட இருப்பது பெரிய டாங்கும் ஈலும். தம்பி வீட்டில் இருப்பது இரண்டு அங்குல நீமோ. பிக்காசோ வளர்ந்து ஒரு சாண் நீளம் வந்தபின் அந்த நீமோவை விட்டுவைக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். வாங்குவதென்றால் நீமோவுக்கு வேறு தொட்டி பார்த்துவிட்டு வாங்கட்டும்.


பாறசாலை_உப்புநீர்:

சரி, அது நியாயம். நீமோ இருக்கும்வரை பிக்காசோ வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன்.


களியக்காவிளை_அலை:

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. டீச்சர் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு நீமோதான் முதலில் வந்தது, அது இருக்கட்டும் என்றாள். க்ளவுன் இல்லை என்று முடிவாகிவிட்டது. பாறைக்காரருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் முட்டம் பக்கத்தில் இருந்து எடுத்து வருகிறேன், மழை மாதங்களில் உப்பு கலக்கிறேன். சில்லர் இருக்கிறது. இப்போது நைஜர் ஒன்று, ப்ளூ த்ரோட் ஜோடி என்று வைத்துக்கொண்டால், எதை முதலில் விடுவது? இறாலும் முனிவன் நண்டும் என்னாகும்? சாப்பாடு என்ன கொடுக்க? ப்ளூ த்ரோட் கடைசிவரை கிடைக்கவில்லை என்றால் இரண்டு நைஜர் விடலாமா, கடலில் கூட்டமாக இருக்கும் என்று அண்ணாச்சி சொன்னாரே?


குளச்சல்_கடல்மகன்:

இரண்டு நைஜர் வேண்டாம் மக்களே. கடலில் கூட்டம் என்றால் நூற்றுக்கணக்கில், தப்பி ஓட எல்லையில்லாத இடம். ஆறடிக் கண்ணாடிக்குள் இரண்டே இரண்டு என்றால் பெரியது சின்னதை மூலைக்குத் தள்ளி, தின்ன விடாமல் வைத்திருக்கும். ஒன்றுக்கே உங்கள் தொட்டி அளவாகத்தான் இருக்கிறது, அது கடலில் ஒன்றரை அடி வரை போகிற மீன், தொட்டியில் அவ்வளவு வராது என்றாலும் நீந்த நீளம் வேண்டும். ப்ளூ த்ரோட் கிடைக்கவில்லை என்றால் இந்தியன் ப்ளாக் கேட்டுப் பாருங்கள், மெலிக்திஸ் இண்டிகஸ், நம் இந்தியப் பெருங்கடல் மீன். கறுப்பு உடம்பு, முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் தொடங்கும் இடத்தில் வெளிர்கோடு ஓடும், பத்து அங்குலத்தோடு நின்றுவிடும். பிங்க்டெயிலும் அதே வகைதான், ஆனால் அது இன்னும் பெரிதாகும். இவை பாசியையும் நிறையத் தின்னும், ஃபாக்ஸ்ஃபேஸுக்குக் கொடுக்கும் கடல்பாசித் தாளையே இவற்றுக்கும் கொடுக்கலாம்.

வரிசை என்று கேட்டால், சாதுவானது முதலில். ப்ளூ த்ரோட் ஜோடியை விட்டு ஒரு மாதமாவது பழக விடுங்கள், நைஜர் அதற்குப் பிறகு வரட்டும். நைஜரை முதலில் வாங்கிவிட்டால் அது தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பிடித்த பொந்தை எடுத்துக்கொள்ளும், பின்னால் வருபவர்களுக்குக் கஷ்டம். வாங்குவது எதுவானாலும் நேராகத் தொட்டியில் விடாதீர்கள், தனித் தொட்டியில் நாலு வாரம் வைத்து வெள்ளைப்புள்ளி நோய் இல்லை என்று தெரிந்தபின் விடுங்கள். மருந்து போட வேண்டி வந்தால் அதையும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நண்டும் மிஞ்சாது.

வாங்கும்போது கடையில் உங்கள் கண் முன்னால் சாப்பாடு போடச் சொல்லுங்கள். நல்ல ட்ரிக்கர் இரை விழுந்த நொடியில் பாயும். வயிறு உள்வாங்கி, முதுகுச் சதை ஒட்டிப்போய், இரையைப் பார்த்தும் சும்மா நின்றால் அந்த மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். வலையால் பிடிக்க விடாதீர்கள், இது ரொம்ப முக்கியம். முதுகில் முதல் முள்ளை நிமிர்த்தினால் இரண்டாவது முள் அதற்குத் தாழ்ப்பாள் போட்டுவிடும், அதனால்தான் அதற்கு ட்ரிக்கர் என்றே பெயர். அந்த முள் வலையில் மாட்டினால் இழுக்க இழுக்கக் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பொந்துக்குள் முள்ளை நிமிர்த்தி இறுக்கிக்கொண்டால் பிடித்து இழுக்க வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டுப் போனால் தானே வெளியே வரும்.

க்ளீனர் இறால் ஏற்கெனவே தொட்டியில் இருப்பதால் மேல் பார்த்த வாய்க்காரர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். ஆனால் தோல் உரித்த அன்று இறால் மெத்தென்று இருக்கும், அன்று எதுவும் நடக்கலாம். நைஜர் பெரிதாக ஆக முனிவன் நண்டு குறையத்தான் செய்யும். மனதுக்கு வருத்தம் என்றால் இறாலை இப்போதே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு நாம் கொடுத்து வைத்தவர்கள். இறால், கணவாய், சிப்பி எல்லாம் வீட்டு வாசலில் கிடைக்கிறது. சின்னதாக நறுக்கி, கழுவி, உறைய வைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரே இரையைத் தினமும் கொடுக்காதீர்கள். வாரம் ஓரிரு முறை சிப்பியை ஓட்டோடு திறந்து போடுங்கள், இறாலைத் தோலோடு கொடுங்கள். மெத்தென்ற இரையை மட்டும் தின்றால் நைஜருக்குப் பல் தேயாமல் நீண்டுவிடும், பிறகு அதால் வாயை மூடிக் கடிக்கவே முடியாது. பல் சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதன் நிறமே அதுதான். இன்னொன்று, நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கிடையாது, இறால் விலை ஏறிவிடும், மே மாதக் கடைசியிலேயே இரண்டு மாதத்துக்கு வாங்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள்.


நாகர்கோவில்_டீச்சர்:

ஹீட்டர் இருந்தால் சம்ப்புக்குள் மாற்றிவிடுங்கள் தம்பி. நைஜர்கூட வயரைக் கடித்துப் பார்க்கும், தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கரின் வயர் தெரியாதபடி குழாய்க்குள் விடுங்கள், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் தொட்டிக்குக் கட்டாயம் வேண்டும், வீட்டில் குழந்தை இருக்கிறாள். மூடியும் வேண்டும், திடுக்கிட்டால் குதிக்கிற மீன் அது. பாறைகளை அடியில் கண்ணாடி மேல் நேராக உட்கார வைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்கள், மணல் மேல் வைத்தால் தோண்டிச் சரித்துவிடும்.

மகளிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் சில நாள் ராத்திரி மீன் பொந்துக்குள் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கும், செத்துப்போன மாதிரியே தெரியும். என் வீட்டில் முதல் ராத்திரி நான் அழுதுவிட்டேன். செவுள் அசைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள், அது தூங்குகிறது.


களியக்காவிளை_அலை:

குறித்துக்கொண்டேன் டீச்சர். ஹீட்டர் தொட்டிக்குள்தான் இருக்கிறது, இன்றைக்கே சம்ப்புக்கு மாற்றுகிறேன். தனித் தொட்டிக்கு மூன்றடியில் ஒன்று பழையது பரணில் கிடக்கிறது, அதைக் கழுவி ஓட்டத் தொடங்கிவிட்டு, ப்ளூ த்ரோட் ஜோடிக்குச் சொல்லி வைக்கிறேன். நைஜர் குஞ்சைக் கடையில் யாராவது வாங்கிக்கொண்டு போனால் போகட்டும், அடுத்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.